விமலின் நாற்பத்தெட்டு மணி நேரம்

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சேவியர் வந்து பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்தும்போதெல்லாம் சிந்தாமணி அவனுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பாள். அப்புறம் திட்டுவாள். நாலு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

"இன்னா சேவியரு, இந்த வாட்டியாச்சும் மருந்து கிருந்து எதனா கொண்டாந்தியா? இல்ல சும்மா பாத்துட்டுதான் போவப் போறியா?"

"பாத்துட்டுப் போறதுதாம்மா என் வேல. இந்த வியாதி ஒரு ஆள்கிட்ட வருஷா வருஷம் எப்பிடி வளருதுன்னு பாக்கறதுதான் எங்க ஆராய்ச்சியே. எப்ப வேகமாவுது, எது அதக் கெளப்பி வுடுதுன்னு தெரிஞ்சாதான எங்க நிறுத்தலாம்னு தெரியும்."

"எங்க வூட்டுக்காரர் போனப்ப நீங்கள்லாம் எங்க இருந்தீங்க?"

"அப்ப நான் பத்தாவது ஃபெயிலாயி வில்லியனூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தம்மா."

சிந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை மறைக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கதவோரம் நின்றிருந்த சுகன்யா இந்தப் பேச்சை மனப்பாடமாக அறிவாள். அடுத்து அம்மா கேட்கப் போகும் கேள்வியும் தெரியும், சேவியர் சொல்லப் போகும் பதிலும் தெரியும். அவளுடைய அப்பா செல்லப்பன் நாற்பத்தோரு வயதில் நாற்று முடிச்சைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடியவர், ஓடிய இடத்திலேயே விழுந்து போனார். சித்தப்பா நடேசன் முப்பத்து நாலு வயதில் பாகூரில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பஸ் நின்றது, அவர் எழுந்திருக்கவில்லை. ஊரில் அதற்குக் காரணமாக என்னென்னவோ சொன்னார்கள். அவளுடைய அண்ணன் விமல் இருபத்தைந்து வயதில் வாலிபால் ஆடும்போது மயங்கி விழுந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. இதயத்தின் சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் படிகிற வியாதி. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. லட்சத்தில் சில பேருக்குத்தான் இருக்கும் என்றார்கள். அந்தச் சில பேரில் மூன்று பேர் கரையாம்புத்தூரில் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள்.

மூன்று பேரும் ஆண்கள். அதனால் சிந்தாமணி தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: இது இந்த வீட்டு ஆம்பிளைகளைப் பிடிக்கிற வியாதி. செல்லப்பனின் அக்கா ஆண்டாள் அறுபது வயதிலும் களை எடுக்கப் போகிறாளே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சேவியர் விமலின் இடது மார்பில் முடியை மழித்து, ஈரத்துணியால் துடைத்து, துடிப்பைப் பதிவு செய்கிற, தீப்பெட்டி அளவு வெள்ளைப் பெட்டியை இரண்டு ஸ்டிக்கரால் ஒட்டினான். பச்சை அட்டை போட்ட சிறிய நோட்டு ஒன்றையும் எடுத்து வைத்தான். நேரம், செய்த வேலை, உடம்பில் தெரிந்தது என்று அதில் மூன்று கட்டங்கள்.

"நாப்பத்தெட்டு மணி நேரம் விமல். போன வாட்டி மாதிரி பண்ணிடாத. வேர்வையில ஒட்டு உட்டுப்போயி, மெஷின் ஆட்டத்துல கோடெல்லாம் கிறுக்கி, ஒண்ணுத்துக்கும் ஆவாமப் போச்சு. இந்த வாட்டியும் கெட்டுதுன்னா ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில படுக்க வச்சுதான் எடுக்கணும்ன்றாங்க."

"அறுப்பு சீசன் சார் இது. இப்பப் போயி படுன்னா."

"அதுக்குத்தான் சொல்றன், பத்தரமா பாத்துக்க. ஸ்டிக்கரு பிரிஞ்சா இதோ ரெண்டு வச்சிருக்கன், ஒட்டிக்க." பையை மூடிக்கொண்டே சேவியர் சுகன்யாவைப் பார்த்தான். "நீயும் ஒரு தடவ வந்து ரத்தம் குடுத்துடேம்மா. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. இல்லன்னு தெரிஞ்சா நிம்மதிதான."

உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் நின்றது. "அவளுக்கு ஒண்ணும் வேணாம். மாசி பதினாலு கல்யாணம். இப்பப் போயி ரத்தம் குத்தம்னுட்டு. நீ வந்த வேலயப் பாருப்பா."

சேவியர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

*

அவன் பைக் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் விமல் சட்டையைக் கழற்றி, பெட்டியைப் பிய்த்து நீட்டினான். "இந்தா, இத நீ ஒட்டிக்க."

"இன்னா வெளையாடறியா?"

"இத வச்சுக்கினு அறுக்கற பெல்ட் வண்டியில ஏறுனா மதியானத்துக்குள்ள பிரிஞ்சுடும். வண்டிக்கார செல்லக்கண்ணு மாமா இன்னிக்கு மூணு காணி ஒத்துக்கினு வந்திருக்காரு. ஆஸ்பத்திரின்னு ரெண்டு நாளு போனன்னா சாவிய வேற எவன் கையிலயாவது குடுத்துடுவாரு. வருஷத்துல இருபது நாளுதாண்டி இந்த வண்டி ஓடறது."

"அது ஒன் நெஞ்சப் பாக்கறதுக்குண்ணா."

"ஒரே ரத்தந்தான? நீ வூட்டுல சும்மாதான இருக்க. கோடு கிறுக்காம நேரா வரும். அவுங்களுக்கும் சந்தோஷம், எனுக்கும் சந்தோஷம். ஒனக்குத் துடிக்குதுல்ல?"

"துடிக்குது."

"அப்பறம் இன்னா. கலைவேந்தன் போன் பண்ணா மட்டும் எகிறும். ரெண்டு நாளைக்குப் போன எடுக்காத."

சுகன்யா அவன் தோளில் அடித்தாள். அடித்த கையோடு பெட்டியை வாங்கிக்கொண்டாள். அண்ணன் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே முகம் எப்படிச் சுருங்கிக் கிடக்கும் என்பதும் தெரியும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புது ஸ்டிக்கரில் ஒட்டிக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரியாது.

நோட்டு எழுதுவது எப்போதும் அவள் வேலைதான். விமலின் கையெழுத்து அவனுக்கே புரியாது. அன்று அவள் உளுந்து ஊறவைத்தாள், துணி துவைத்தாள், ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். நோட்டில் எழுதியது வேறு: 'காலை 8.30. மெஷின் ஓட்டினேன். தொந்தரவு இல்லை.' 'மதியம் 1.15. சாப்பிட்டேன். தொந்தரவு இல்லை.' விமல் பொதுவாக என்ன செய்வான் என்று யோசித்து யோசித்து எழுதினாள். அந்த இரண்டு நாளும் கலைவேந்தன் நாலு தடவை கூப்பிட்டான். வேடிக்கைக்குத்தான் என்றாலும் அவள் போனை எடுக்கவில்லை.

கலைவேந்தன் ஒதியம்பட்டுக்காரன். திருபுவனையில் அவள் மூன்று வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து செக்‌ஷன். பஸ் வராத ஒரு சாயங்காலம் பைக்கை நிறுத்தி, ஏறச் சொல்லாமல், பஸ் வரும்வரை கூடவே நின்றவன். அது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பேசியது மொத்தம் ஐந்தாறு வார்த்தை. போன தை மாதத்து ஆற்றுத் திருவிழாவில் அம்மாவோடு வந்து, வேகவைத்த சிறுவள்ளிக்கிழங்கு ஒரு பொட்டலம் வாங்கி சிந்தாமணி கையில் கொடுத்துவிட்டு, "பொண்ணு கேட்டு வரலாமான்னு அம்மா கேக்கறாங்க" என்றான். அவன் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மா, தையலம்மாள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒங்க வூட்டுல நெஞ்சு வியாதி இருக்குதுன்றாங்களே."

"ஆம்பளைங்களுக்குத்தான் அண்ணி வரும்" என்றாள் சிந்தாமணி. "பொம்பளைங்களுக்கு வராது."

சிந்தாமணி அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

*

இரண்டாம் நாள் புதன்கிழமை. குத்தகை நிலத்து நெல் நாலு நாளாகத் தார்ச்சாலையின் ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கல் வைத்து அணைகட்டி, அவளும் அம்மாவும் மாறி மாறிக் காலால் கிளறிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிழக்கே வானம் சட்டென்று கறுத்தது. தை மாதக் கடைசியில் யாரும் எதிர்பார்க்கிற மழை இல்லை. சாலை நெடுகக் கத்தல் எழுந்தது. ஆளாளுக்குத் துடைப்பமும் கூடையுமாக ஓடினார்கள்.

சிந்தாமணி பலகையால் இழுத்துக் குவித்தாள். சுகன்யா கூடையில் அள்ளி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினாள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது கூடை. முதல் துளிகள் விழுந்தபோது தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். காற்று அதைப் பிடுங்கியது. ஒரு முனையைக் காலால் மிதித்து, மறு முனையை இழுத்து மூடும்போதுதான் அது வந்தது.

வலி இல்லை. தண்ணீர் ஏறாத மோட்டார் வெறுமனே ஓடுமே, அதுபோல நெஞ்சுக்குள் எதுவோ பிடிமானம் இல்லாமல் அதிவேகமாகச் சுற்றியது. சாலை வெளுத்தது. மழைச் சத்தம் எங்கோ தூரமாகப் போனது. அவள் தார்ப்பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி, பாரம் வைக்கக் கல்லு இல்லன்னு நீயே ஒக்காந்துட்டியா?" என்று அம்மா மழையில் கத்தினாள்.

அதற்குள் அது நின்றுவிட்டது. சுகன்யா சிரித்தாள். எழுந்து கல் தேடப் போனாள். மதியம் சரியாகச் சாப்பிடாததுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிவிட்டு நோட்டை எடுத்தாள். மழை வந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் விமல் டீக்கடைக்குப் போவான். எழுதினாள்: 'மாலை 5.40. டீ குடித்தேன். தொந்தரவு இல்லை.'

*

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் கல்யாணப் பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது சேவியர் கூப்பிட்டான். ஆராய்ச்சித் தாளில் தொடர்பு எண்ணாக அவளுடையதுதான் இருந்தது.

"சுகன்யா, விமலு போன எடுக்க மாட்டன்றான். நீ பயப்படாமக் கேளு. இந்த வாட்டி பதிவு சுத்தமா வந்திருக்கு. ஆனா அதுல ஒரு எடம் சரியில்ல. வரிசையா இருபத்தி மூணு துடிப்பு, தாறுமாறான வேகத்துல. இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தா ஆளே இல்ல. டாக்டரம்மா ஒடனே கூட்டினு வரச் சொல்றாங்க."

மஞ்சள் பூசிய விரல் பத்திரிகையின் மேல் அப்படியே நின்றது. "எந்த நேரம்ணா அது?"

"புதன் சாயங்காலம். அஞ்சு நாப்பது. டீ குடிச்சன்னு எழுதியிருக்கான். அதுதான் எங்களுக்கே புரியல."

"சொல்றண்ணா" என்றாள்.

சொல்லவில்லை. விரலைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பத்திரிகையில் அவள் பெயரின் மேல் மஞ்சள் திட்டாக இறங்கியிருந்தது. அதை அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சொன்னால் என்ன நடக்கும் என்று வரிசையாகத் தெரிந்தது. அம்மா சபையில் சொன்ன வார்த்தை பொய்யாகும். தையலம்மாள் மெல்ல எழுந்துகொள்வாள். கலைவேந்தன் நிற்பான், நிற்காமலும் போவான். நின்றால் அவனுக்கு அவன் அம்மாவோடு சண்டை, நிற்காவிட்டால் அவளுக்குக் கல்யாணமே இல்லை. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. அப்பா ஓடிய வரப்பு அவள் தினமும் கடந்து போகிற வரப்புதான்.

இரண்டு நாள் அவள் எதையும் வேகமாகச் செய்யவில்லை. குடத்தைப் பாதிதான் நிரப்பினாள். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். போனில் கலைவேந்தன், "இன்னா கொரலே வர மாட்டன்னுது?" என்றான். "தொண்ட கட்டிக்கிச்சு" என்றாள். சிந்தாமணி அவள் நடையைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சிரித்துச் சொன்னாள்: "பாரேன், கல்யாணப் பொண்ணு நடை வந்துடுச்சு எம்பொண்ணுக்கு."

*

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கே விமல் வீட்டுக்கு வந்தான். அறுப்புக் காலத்தில் அந்த நேரத்தில் அவனை வீட்டில் பார்ப்பது, பகலில் விளக்கு எரிவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. முகத்தில் வைக்கோல் தூசு அப்படியே அப்பியிருந்தது.

"சேவியர் சாரு வயலுக்கே வந்துட்டாரு. நான் வண்டி மேல இருக்கன். கீழ நின்னு எறங்கு எறங்குன்றாரு. நெஞ்சுக்குள்ள ஷாக் பெட்டி வைக்கணுமாம், வர்ற திங்கக்கெழம வரணுமாம். செல்லக்கண்ணு மாமா பக்கத்துலயே நிக்கறாரு. எல்லாம் கேட்டுட்டாரு. 'மாப்ள, எம்மேல கோவப்படாத, வண்டி மேல ஒனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் ஒன் ஆத்தா மூஞ்சியில முழிக்க முடியாது'ன்னு சாவிய வாங்கிக்கினாரு."

சிந்தாமணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எம்புள்ள."

விமல் அம்மாவைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான். "சேவியர் சாரு வெள்ளிக்கெழமையே ஒங்கிட்ட சொன்னாராமே."

"சொன்னாரு."

"அது ஒன்னுதுடி."

"தெரியும்."

சிந்தாமணிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. விமல்தான் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு வெகுநேரம் தரையில் எதையோ விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொம்பளைங்களுக்கு வராதுடா."

"வந்திருக்கேம்மா."

"ஆண்டாள் அண்ணிக்கு வரல."

"அத்தைக்கு வரல. இவளுக்கு வந்திருக்குது."

சிந்தாமணி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "இன்னும் பன்னண்டு நாளு. பத்திரிக வச்சாச்சு. வில்லியனூர்ல மண்டபம் சொல்லியாச்சு. தாலி ஏறட்டும். அதுக்கு மக்யா நாளே நானே இவள ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறன். அது வரைக்கும் அது விமலோடதாவே இருக்கட்டும்."

"பன்னண்டு நாளுக்குள்ள எதனா ஆச்சின்னா?" என்றான் விமல்.

"ஆவாது. இவளக் கட்டில்ல ஒக்கார வச்சு நான் சோறு போடறன். ஒரு துரும்பக் கிள்ள வுட மாட்டன்." பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனுக்கு ரெண்டு பேரும் ரெண்டு கண்ணுடா. ஆனா ஒன் வியாதி ஊருக்கே தெரியும். இவளுதும் தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்? எப்பிடியும் அந்தப் பெட்டிய ஒனக்கும் ஒரு நாளு வைக்கத்தான் போறாங்க. சித்த முன்னாடி வச்சதா இருக்கட்டும்."

சுகன்யா பேச வாயெடுத்தாள். விமல் முந்திக்கொண்டான். "சரிம்மா."

"இன்னாண்ணா சரி?"

"சரின்னு சொன்னன்ல. ஒட்டிக்கன்னு குடுத்தவன் நாந்தான். நீ உள்ள போ."

உள்ளே போவதற்கு அந்த வீட்டில் ஒரே அறைதான். அன்றிலிருந்து அவள் அதில் இருந்தாள். அம்மா நேரத்துக்குத் தட்டைக் கொண்டுவந்தாள். கேழ்வரகுக் களியை உருட்டி, நடுவில் குழி பறித்து, குழம்பு ஊற்றி, நோயாளிக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தாள். சன்னல் வழியாக எதிர் வயலில் பெல்ட் வண்டி ஓடுவது தெரிந்தது. புது டிரைவர் திருப்பத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் கதிரை விட்டுவிட்டுப் போனான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விசாரிக்க வருகிறவர்களிடம் எல்லாம் நெஞ்சைத் தடவிக் காட்டி, "ஆமா மாமா, எனுக்குத்தான்" என்றான். சொல்லச் சொல்ல அந்தப் பொய் அவன் வாயில் நன்றாகப் பழகிப்போனது.

*

சனிக்கிழமை தையலம்மாளும் கலைவேந்தனும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். விமலுக்குத் தலைக்கு ஒரு தலையணை வைத்துச் சிந்தாமணி படுக்க வைத்திருந்தாள். படுத்திருக்கத் தெரியாமல் அவன் தலைமாட்டில் கையை வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"பெட்டின்னா எம்மாம் பெருசு இருக்கும்?" என்று தையலம்மாள் கேட்டாள்.

"தோளுக்குக் கீழ வைப்பாங்களாம் அத்த. துடிப்பு தடுமாறுனா அதுவே ஷாக் குடுக்குமாம்" என்றான் விமல்.

"ஐயோ சாமி." தையலம்மாள் சுகன்யாவின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள். "எம்மருமவளுக்கு ஆண்டவன் ஒரு கொறையும் வைக்கல. அதுவே போதும்."

சுகன்யா காப்பித் தம்ளரை அவளிடம் நீட்டினாள்.

கலைவேந்தன் கிளம்பும்போது மரத்தடியில் ஒரு நிமிடம் அவளோடு தனியாக நின்றான். பிறகு, "விமலு எழுந்து வர வரைக்கும் வேணா தேதியத் தள்ளிப் போட்டுக்கலாமா? எனுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நின்னு பழக்கந்தான்" என்றான்.

அவன் நல்லவனாக இருப்பது அவளுக்கு அந்த நேரத்தில் தாங்க முடியாததாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் ஏமாற்றுவது சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

*

திங்கட்கிழமை மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போனார்கள். ஆஸ்பத்திரியில் சேவியர் வாசலிலேயே நின்றிருந்தான். டாக்டரம்மாவின் மேசையில் நீளமான காகிதச் சுருள் ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பச்சை நோட்டு. டாக்டரம்மா பெட்டி வைப்பதைப் பற்றி விமலுக்குப் பொறுமையாக விளக்கினார். வைத்த பிறகு அறுவடை வண்டி, டிராக்டர் எதுவும் ஓட்டக் கூடாது என்றார். விமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"விமல், ஒன்னே ஒன்னு கேக்கணும். இந்த ஆராய்ச்சியில முப்பது குடும்பம் இருக்கு. இதுவரைக்கும் எல்லாருக்கும் இது ஓடும்போது, பாரம் தூக்கும்போதுதான் வந்திருக்கு. அதனாலதான் ஓடாதீங்க, தூக்காதீங்கன்னு சொல்றோம். உங்களுக்குத்தான் முதல் தடவையா சும்மா டீ குடிக்கும்போது வந்திருக்கு." அவர் காகிதத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் சுற்றிக் காட்டினார். "இதை நான் எழுதப் போறேன். ஓய்வுல இருந்தாலும் வரும்னா மத்த குடும்பங்களுக்குச் சொல்றதையும் மாத்தணும். அதனால நல்லா யோசிச்சு சொல்லுங்க. அப்ப டீ மட்டும்தான் குடிச்சீங்களா?"

விமல் காகிதத்தைப் பார்த்தான். "ஆமா மேடம். டீதான். ஒக்காந்துதான் குடிச்சன்."

பென்சில் வட்டத்துக்குள் கோடுகள் முள்வேலிபோல் நெருங்கி நின்றன. சுகன்யா அவற்றை எண்ணிப் பார்த்தாள். தன் நெஞ்சு கிறுக்கியது. அதன்மேல் விமலின் பெயர். இனி அது போகப்போகிற இடங்களை அவள் நினைத்துப் பார்த்தாள். முகம் தெரியாத முப்பது வீடுகள். அங்கேயும் ஒருத்தி மழை வரும்போது நெல்லை அள்ள ஓடுவாள். ஓடாதே என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய காகிதம், டீ குடிக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கும். விமல் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தான். அம்மாவின் கை மேசைக்குக் கீழே அவள் தொடையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அது டீ இல்ல மேடம்" என்றாள் சுகன்யா. "மழை."

டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"ரோட்டுல நெல்லு காய வச்சிருந்தோம். மழை வந்துடுச்சு. இருவது இருவத்தஞ்சு கூடை தூக்கிட்டு ஓடுனன். தார்ப்பாய் இழுத்தன். அப்பதான் வந்துது. அப்பிடியே ஒக்காந்துட்டன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அண்ணன் இல்ல. நான்."

சிந்தாமணியின் பிடி தளர்ந்து, கை அவள் மடியிலேயே கிடந்தது. விமல் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான். சேவியர்தான் முதலில் பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை. நாலு வருஷமாகத் தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டில் ஏமாந்துபோன வருத்தம்தான் இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும்ணா" என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. நோட்டை எடுத்து, அட்டையில் இருந்த விமலின் பெயரைப் பார்த்துவிட்டு, ஓரமாக வைத்தார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், இருட்டு அறையில் படுக்க வைத்து நெஞ்சில் ஸ்கேன் கருவியை உருட்டிப் பார்த்தார்கள். மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். உடனே ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னபோது சிந்தாமணி அழ ஆரம்பித்தாள். கடைசியில், வீட்டை விட்டு அசைவதில்லை என்ற பேச்சில், வியாழக்கிழமை காலை வந்து படுக்க வேண்டும் என்றாகியது. அதுவரை அவள் பெயரிலேயே ஒரு பெட்டியை, இந்தத் தடவை ஒரு நர்ஸ், அவள் மார்பில் ஒட்டினாள். சேவியர் புதுப் பச்சை நோட்டு ஒன்றைக் கொடுத்தான். அட்டையில் 'சுகன்யா, க/பெ' என்று எழுதி, நிறுத்தி, அடித்துவிட்டு 'த/பெ செல்லப்பன்' என்று எழுதினான்.

பஸ் வில்லியனூர் தாண்டியதும் சுகன்யா போனை எடுத்துக் கலைவேந்தனுக்கு எழுதினாள்: 'அந்தத் துடிப்பு அண்ணனோடது இல்ல. என்னோடது. ஒங்க அம்மாகிட்ட நாங்க தெரியாம சொன்னோம், அப்பறம் தெரிஞ்சே மறைச்சோம். வியாழக்கெழம எனக்குப் பெட்டி வைப்பாங்க.' அனுப்பினாள். அவன் படித்துவிட்டதற்கு அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை.

ஊர் வந்து இறங்கும்போதுதான் சிந்தாமணி வாயைத் திறந்தாள். "அவுங்ககிட்ட நான் இன்னான்னு சொல்லுவன்?"

"நான் சொல்லிட்டம்மா."

சிந்தாமணி நடுத்தெருவில் நின்று மகளைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் சுகன்யா நினைத்தாள். அவள் மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "மெதுவா நட" என்றாள்.

எதிர் வயல் அறுத்து முடிந்து, வண்டி அடுத்த ஊருக்குப் போயிருந்தது. விமல் வரப்பில் இறங்கி, திருப்பங்களில் புது டிரைவர் விட்டுப்போன கதிர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்துக் கையில் சேர்க்க ஆரம்பித்தான்.

சுகன்யா அதே அறையில், அதே கட்டிலில் உட்கார்ந்தாள். சன்னல் அதேதான். மாசி பதினாலுக்கு இன்னும் ஐந்து நாள். மடியில் நோட்டைப் பிரித்து உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'மதியம் 3.00. பஸ்ஸில் வந்தேன். பயமாக இருந்தது.' 'மாலை 4.30. அம்மா களி கொடுத்தாள். பாதி சாப்பிட்டேன்.' அதற்கப்புறம் எழுத ஒன்றும் இல்லை. போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

வெயில் சன்னலை விட்டு இறங்கும் நேரம் போன் அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். கலைவேந்தன்.

ரெண்டு நாளைக்குப் போன எடுக்காத என்று விமல் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பெட்டி மார்பில் லேசாகக் கனத்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் நின்று பழகியவன்.

அவள் பேனாவை எடுத்து முதலில் நேரத்தை எழுதினாள். 'மாலை 6.10.' பிறகு போனை எடுத்தாள்.